வாகீசன் செய்த கடல்

போன் திருத்துகிறவனுக்குக் கலை எதற்கு என்று தொண்டைமானாற்றில் எல்லாரும் கேட்டாயிற்று. வாகீசனுக்கு அது செவிடன் காதில் ஊதிய சங்கு. சாவகச்சேரிக் கடையில் உடைந்த கண்ணாடி மாற்றிய நேரம் போக, நாலு வருசமாக ஒரு வீடியோ கேம் செய்தான். அதில் சுடுவதில்லை, வெல்வதில்லை. கடலுக்குப் போன புருசனுக்காக ஒருத்தி கரையில் காத்திருப்பாள். ஆடுகிறவர் அவளாக இருந்து கிழிந்த வலை பொத்த வேண்டும், உலை வைக்க வேண்டும், திரும்பி வரும் படகுகளை எண்ண வேண்டும். அவ்வளவுதான்.

அந்த ஒருத்தி அவன் அம்மா மகாதேவிதான். அப்பா பஞ்சலிங்கம் கடலுக்குப் போய் ஒன்பது வருசம். படகு பிளந்து கரை சேர்ந்தது, ஆள் இல்லை. செத்தவருக்குச் செய்கிற அந்தியேட்டியைச் செய்யச் சொல்லி வந்த உறவுக்காரரை, "பிரேதத்தைக் கண்டனியளோ? காணாமல் என்ன கோதாரிக்கு அந்தியேட்டி?" என்று படலைக்கு வெளியே துரத்தியவள் அவள். இன்றும் விடிந்தால் நெற்றி நிறையக் குங்குமம்.

வெளிநாட்டுப் போட்டியொன்றில் அந்த விளையாட்டுக்குப் பரிசு கிடைத்தது. நல்ல நாவல் வாசித்தது போல அழுதுவிட்டோம் என்று முன்பின் தெரியாதவர்கள் எழுதினார்கள். அவனுக்கோ அம்மா ஒருத்தி பார்த்துச் சரியென்றால் போதும். அந்த ஆசை கண்ணை மறைத்துவிட்டது. கடைசிக் காட்சியில் என்ன வைத்திருக்கிறோம் என்று ஒரு கணம் யோசித்தானா, விசரன்!

ஞாயிறு மத்தியானம் லப்டொப்பை அவள் முன் வைத்தான். சிரித்துக்கொண்டுதான் தொடங்கினாள். "உது எங்கடை கிணறெல்லோ! வாளியும் நசுங்கினபடியே கிடக்குது." வலை பொத்தினாள், உலை வைத்தாள், படகு எண்ணினாள். ஒன்று குறைந்தது. திரும்ப எண்ணினாள். பிறகு திரையில் அந்தியேட்டி வந்தது. முழுகிவிட்டு வந்த அந்த ஒருத்தியின் நெற்றி வெறுமையாக இருந்தது.

மகாதேவி கையை எடுத்துவிட்டாள்.

"ஆர் தம்பி உனக்குச் சொன்னது, அவர் செத்திட்டார் எண்டு?"

"சும்மா ஒரு விளையாட்டு அம்மா..."

"நாலு வருசம் இருந்து யோசிச்செல்லோ செய்தனீ. நீயும் கைவிட்டிட்டாய் என்ன? உன்னை நம்பியெல்லோ நான் இருந்தனான்."

மூன்று நாள் கடைக்குப் போகாமல் வாகீசன் முடிவை மாற்றினான். படகு வரும், அப்பா இறங்கி மணலில் நடந்து வருவார். வியாழக்கிழமை காலை லப்டொப்பைத் தூக்கிக்கொண்டு கிணற்றடிக்கு ஓடினான். அம்மா முகம் கழுவிவிட்டு நின்றாள். நெற்றியில் ஒன்றுமில்லை.

"பாரணை அம்மா, அப்பா வாறார்."

மகாதேவி திரையில் நடந்து வந்தவரை நெடுநேரம் பார்த்தாள்.

"உவர் ஆரோ," என்றாள். "நீ குருக்களிட்டைப் போய் அந்தியேட்டிக்கு ஒரு நாள் கேட்டுக்கொண்டு வா."