போர்டில் விட்ட ஒரு சாண் இடம்

அன்றைக்கு அங்கே இருந்தவர்கள்: லிஸ்ட் டைப் செய்யும் ரோஸி அக்கா, பெட்டி திறந்து சரக்கு இறக்கும் கேங்குக்கு மேஸ்திரி ஏழுமலை, அவருடைய ஆட்கள் மூன்று பேர், நான். முதலாளி போனில் மட்டும். இடம் திருவொற்றியூரில் ஒரு சின்ன கன்டெய்னர் யார்டு.

நான் ஒன்பதாவதோடு நின்றவன். பிரௌசிங் சென்டரில் வேலைக்கு உட்கார்ந்து, பக்கத்தில் செய்பவர்களைப் பார்த்தே வெப் பேஜ் போடக் கற்றுக்கொண்டேன். பயந்த சுபாவம். எது போட்டுக் கொடுத்தாலும் முதல் நாள் அங்கேயே நிற்பேன்.

அந்த யார்டில் அதுவரை கரும்பலகைதான். அன்றைய பெட்டி நம்பர்களை ரோஸி அக்கா சாக்பீஸால் ஒன்றின்கீழ் ஒன்றாக எழுதுவார். அதை எடுத்துவிட்டு டிவி மாட்டினார் முதலாளி. அக்கா ஆபீசில் டைப் செய்தால் ஷெட்டில் இருக்கும் டிவியில் வரவேண்டும். ஒரு வெப் பேஜாகச் செய்து கொடுத்தேன். ஒரு நம்பர் அடித்துப் பார்த்தேன், வந்தது.

மறுநாள் காலை அக்கா நாலு நம்பர் அடித்தார். டிவியில் நாலும் ஒரே வரியில் நின்றன. ஏழுமலை அண்ணாந்து பார்த்துவிட்டு, "நாலா? வாங்கடா, சாப்பாட்டுக்கு முன்னாடி முடிச்சிடலாம்" என்று கிளம்பிவிட்டார்.

அக்கா வெளியே வந்தார். "இன்னாப்பா, நான் கீழ கீழ அடிச்சேன், ஒரே வரியா கீது?"

"பிரௌசர் அப்படித்தான்க்கா. நீங்க எத்தனை என்டர் தட்டினாலும், சொல்லி வைக்கலன்னா அதை ஒரு ஸ்பேஸா சுருக்கிடும். அஞ்சு நிமிஷத்துல சரி பண்றேன்."

"அது கெடக்கட்டும். கேப்பு எங்க?"

"எந்த கேப்பு?"

"மூணு நம்பருக்கு அப்பால கேப்பு வுட்டேனே! கேப்புக்குக் கீழ கீறது மருந்து பொட்டிப்பா!"

பூச்சி சாக விஷப்புகை அடித்து மூடி வைத்த பெட்டி. போர்டில் ஒரு சாண் இடம் விட்டுக் கீழே எழுதினால், இன்றைக்கு அதைத் தொடாதே என்று அர்த்தமாம். யாரும் அதை எழுதி வைத்ததில்லை. எல்லோருக்கும் தெரியும். எனக்குத்தான் தெரியாது.

ஓடினேன். கத்தினேன். எண்ணூர் ரோட்டில் வரிசை கட்டி நின்ற டிரெய்லர்களின் ஹாரனில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. கேங் முதலில் போய் நின்றது அந்தப் பெட்டியிடம்தான். அதுதான் ஷெட்டுக்குப் பக்கம். கதவில் ஒட்டியிருந்த எச்சரிக்கைத் தாள் மழையில் உரிந்துபோயிருந்தது. பெட்டிக்குப் போட்டிருந்த சீல் கம்பியை வெட்டிவிட்டார்கள். ஒருவர் கதவுக் கைப்பிடியைத் தூக்கிவிட்டார். நான் போன வேகத்தில் கதவில் முதுகைக் கொடுத்து நின்றேன்.

"இன்னா நைனா, கம்ப்யூட்டர வுட்டுட்டு இங்க வந்து ஒட்டிகினு கீற?" என்றார் ஏழுமலை. ஆட்கள் சிரித்தார்கள்.

எனக்கு மூச்சு வாங்கியது. வேண்டாம் என்று தலையை ஆட்டினேன்.

"தள்ளு மாமு, பேஜாரு பண்ணாத."

பின்னாலேயே அக்காவின் குரல். "ஏழுமல! அது மருந்து பொட்டி!"

சிரிப்பு நின்றது. கைப்பிடியைப் பிடித்திருந்தவர் அதை மெதுவாக, சத்தம் வராமல் இறக்கினார். பிறகு தன் கையை முகர்ந்து பார்த்தார். அந்த மருந்துக்கு வாசனையே கிடையாது என்று அக்கா அப்புறம்தான் சொன்னார்.

பேஜில் ஒரு வரி சேர்த்தேன்: white-space: pre-wrap. அடித்தது அடித்தபடி, கேப்போடு டிவியில் வந்தது.

"ஒரே வரிதானாய்யா? அத நேத்தே போட்றதுக்கு இன்னா கேடு?" என்றார் முதலாளி போனில்.

ஆனாலும் எனக்கு மனசு ஆறவில்லை. நாளைக்கு யாராவது இதை போனில் திறப்பார்கள்; காப்பி எடுத்து வேறெங்காவது ஒட்டுவார்கள். அங்கே கேப் இருக்குமா? மருந்துப் பெட்டிக்குத் தனி டெக்ஸ்ட் பாக்ஸ் வைத்தேன். அதில் எது அடித்தாலும் நம்பருக்கு முன்னால் 'திறக்காதே' என்று தானாக வரும்.

ஏழுமலை வந்து பார்த்தார். "செவப்புல போடு நைனா. பெருசா போடு."

போட்டேன்.

தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். எங்கே வேலைக்குப் போனாலும், போர்டிலோ பேப்பரிலோ எழுதியிருப்பதை அப்புறம் படியுங்கள். எழுதாமல் விட்ட இடத்தில் விரலை வைத்து, "இது ஏன் காலியா கீது?" என்று முதலில் கேளுங்கள். சிரிப்பார்கள். அன்றைக்கு அந்தக் கதவுக்கு முன்னால் நின்றவர்கள் மட்டும் சிரிப்பதில்லை.