திங் என்றால் நில், திங் என்றால் கேள்

பள்ளிப் பைகள் தைக்கிற தொழிற்சாலையில் அவள் இருபத்திரண்டு வருடமாக வேலை பார்க்கிறாள். அதில் பதினான்கு வருடம் தையல் கூடத்துக்கு சூப்பர்வைசர். அறுபது மெஷின், அறுபது பெண்கள். முகத்துக்கு நேரே எல்லாருக்கும் அவள் அக்கா. முதுகுக்குப் பின்னால் ‘பிதுக்கி’. யார் எதைக் கொண்டுவந்து காட்டினாலும் முதலில் கீழுதடு பிதுங்கும், அப்புறம்தான் பேச்சு வரும். தையல் கோணலா, உதடு. தையல் நேரா, அப்போதும் உதடு; இதற்கா இவ்வளவு நேரம் என்று அர்த்தம். இந்தப் பட்டப்பெயர் அவளுக்கும் தெரியும். பெயர் வைக்கக்கூட இவர்களுக்குப் புத்தி போதவில்லை என்று அதற்கும் பிதுக்கிக்கொண்டாள்.

ஒரு நாள் கூடத்தின் கோடியில் ஐந்து புது மெஷின்கள் வந்து இறங்கின. துணியைத் தட்டில் வைத்துப் பொத்தானை அமுக்கினால் போதும். பையின் முன்பக்கம் முழுவதையும் அதுவே தைத்துத் தள்ளிவிடும். கூடவே, அவற்றைப் பார்த்துக்கொள்ள சீனாவிலிருந்து ஒரு மெக்கானிக்கும் ஒரு வருடத்துக்கு வந்தார். நாற்பது வயது, ஒல்லி, எதற்கும் சிரிக்கிற முகம். அவருக்கு மாண்டரின் தவிர வேறு மொழி தெரியாது. அவர் பேச்சைத் தமிழில் சொல்ல வைத்திருந்த ஆள் இரண்டாவது வாரமே நல்ல வேலை கிடைத்து ஓடிப்போனான். மேனேஜர் யோசித்து, அதாவது யோசிப்பதுபோல் மோவாயைத் தடவிவிட்டு, ஒரு முடிவுக்கு வந்தார்.

“சூப்பர்வைசருங்க, கிளார்க்குங்க எல்லாரும் மாண்டரின் கத்துக்கணும். தினம் நாலு மணியிலருந்து அஞ்சு மணி வரை, ஸ்டோர் ரூம்ல கிளாஸ். யாருக்கு நல்லா பேச வருதோ அவங்க பொறுப்புலதான் புது மெஷினுங்க.”

அவள் அலட்டிக்கொள்ளவில்லை. “அந்த ஊர்ல மூக்கு ஒழுகுற குழந்தைங்ககூட பேசுது. நமக்கு வராதா என்ன?” என்றாள்.

ஸ்டோர் ரூமில் ஜிப் சுருள்களுக்கு நடுவே ஆறு நாற்காலி போட்டிருந்தார்கள். மாஸ்டர் என்று வந்தவருக்கு இருபத்தாறு வயது இருக்கும். சீனாவில் இரண்டு வருடம் படித்தவராம். முதல் நாளே ஒற்றை விரலைக் காற்றில் நீட்டி, நேராக இழுத்தார், மேலே ஏற்றினார், குழிபோல் இறக்கி ஏற்றினார், பிறகு வெட்டுவதுபோல் கீழே போட்டார். இந்த மொழியில் நாலு தொனி உண்டு, ஒரே சொல்லை நாலு விதமாகச் சொன்னால் நாலு அர்த்தம் என்றார்.

“இவரு பாடம் நடத்துறாரா, கொசு விரட்டுறாரா?” என்று பக்கத்து நாற்காலிக்குக் கேட்கும்படி சொன்னாள். பக்கத்தில் இருந்தவர் கட்டிங் பிரிவு அண்ணன். அவர் சிரித்தார். அவர் எதற்கும் சிரிப்பவர் என்பதால் அதில் அவளுக்குப் பெருமை எதுவும் இல்லை.

அடுத்த வாரம் மாஸ்டர் ஆளுக்கொரு துண்டுக் காகிதம் கொடுத்து உதட்டுக்கு முன்னால் பிடிக்கச் சொன்னார். ஒரு ‘ப’வுக்குக் காகிதம் அசையக் கூடாது, இன்னொரு ‘ப’வுக்குப் படபடக்க வேண்டும். அவள் சொன்ன இரண்டுக்கும் காகிதம் நனைந்ததுதான் மிச்சம். முன் நாற்காலியில் உட்கார்ந்திருந்த ஸ்டோர் கிளார்க், நோட்டுப் புத்தக ஓரமெல்லாம் பூப்போட்டு வைக்கிற சின்னப் பெண், முதல் தடவையிலேயே காகிதத்தைப் பறக்கவிட்டாள். மாஸ்டர் கைதட்டினார்.

ஒரே ஒரு நாள் அவளுக்கு நல்ல நாளாக அமைந்தது. ‘சூடு’ என்பதற்கான சொல் கிட்டத்தட்ட நம் ‘ழ’ போலத் தொடங்கும் என்று மாஸ்டர் சொன்னார். கட்டிங் அண்ணன் ‘ள’ என்றார், கிளார்க்கும் ‘ள’ என்றாள். அவள் நாக்கை மடித்துச் சுத்தமாகச் சொன்னாள். “அருமைக்கா!” என்றார் மாஸ்டர். தமிழையே ஒழுங்காகப் பேசத் தெரியாததுகள் சீனம் படிக்க வந்துவிட்டன என்று அந்த ஒரு எழுத்தை வைத்துக்கொண்டு அந்த வாரம் முழுவதும் ஓட்டினாள்.

மூன்றாவது வாரம் கடை விளையாட்டு. ஒருவர் வாங்க வேண்டும், ஒருவர் விற்க வேண்டும். இரண்டுக்கும் ‘மாய்’தான், தொனிதான் வேறு. அவள் வாங்கப்போய் மூன்று தடவையும் விற்றுவிட்டு வந்தாள். கிளார்க் பெண் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“வாங்குறதுக்கும் விக்கிறதுக்கும் ஒரே வார்த்தையை வெச்சுக்கிட்டு இவங்கல்லாம் எப்படித்தான் வியாபாரம் பண்றாங்களோ!” என்று சீறினாள்.

“ஒரே வார்த்தை இல்லக்கா,” என்றார் மாஸ்டர் பொறுமையாக. “உங்க வாயிலதான் ஒண்ணா இருக்கு.”

அவள் முகத்தில் ஈயாடவில்லை. அன்றிலிருந்து வகுப்பு முழுவதும் அவளுக்கு விஷமாகிவிட்டது. மாஸ்டரின் பேச்சு அரைகுறை, கிளார்க்கின் மூளை கிளிப்பிள்ளை மூளை, மொழியோ பேசத் தெரியாதவன் யாரோ தூக்கத்தில் உளறி வைத்தது. ஆனால் வீட்டுக்கு வந்து முகம் கழுவும்போது, யாரும் இல்லாத இடத்தில், கண்ணாடியைப் பார்த்து ‘மாய், மாய்’ என்று சொல்லிப் பார்ப்பாள். இரண்டும் ஒன்றுபோலவே வரும். கண்ணாடியில் தெரிகிற உதட்டைப் பார்க்கப் பிடிக்காமல் துண்டால் மூடிக்கொள்வாள்.

நாலாவது வாரத்தில் அது நடந்தது.

காலை பதினோரு மணி. மூன்றாம் நம்பர் மெஷினில் அடிநூல் சிக்கிக்கொண்டது. தையல் போகப் போகத் துணிக்கு அடியில் நூல் பந்துபந்தாகத் திரள்கிறது. பொத்தான் பலகைக்குப் பக்கத்தில் மெக்கானிக் நின்றிருந்தார். அவள் பத்தடி தள்ளி. நிறுத்து என்பதற்கு ‘திங்’ என்று படித்திருந்தாள். தொண்டை கிழியக் கத்தினாள்: “திங்! திங்!”

மெக்கானிக் நிமிர்ந்து பார்த்தார். தலையை ஆட்டினார். பிறகு மெஷினின் பக்கம் காதைச் சாய்த்து, கண்ணை மூடிக்கொண்டு, ஊன்றிக் கேட்க ஆரம்பித்தார். அவள் இன்னும் உரக்கக் கத்தினாள். அவர் இன்னும் ஊன்றிக் கேட்டார். சத்தம் நன்றாகத்தானே இருக்கிறது என்பதுபோல் கட்டை விரலை வேறு உயர்த்திக் காட்டினார்.

“அக்கா திங்கச் சொல்றாங்கடி! டிபன் பாக்ஸை எடுங்க!” என்று பின்வரிசையில் ஒருத்தி சொல்ல, அறுபது மெஷினும் நின்று அறுபது பெண்களும் சிரித்தார்கள். மூன்றாம் நம்பர் மட்டும் நிற்கவில்லை. ஊசி ஒடிந்து தானாக நின்றபோது பதினொரு பைகளின் முன்பக்கம் குப்பையாகியிருந்தது.

மாலையில் மாஸ்டர் விளக்கினார். மேலே ஏற்றிச் சொன்னால் ‘திங்’ என்பது நில். உயரத்தில் நேராகப் பிடித்துச் சொன்னால் கேள். “கத்தும்போது நேராத்தான் வரும்கா, எல்லாருக்கும் நடக்கறதுதான்.” அவர் ஆறுதலாகச் சொன்னதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. நோட்டுப் புத்தகத்தைக் கழிவுத்துணிக் கூடையில் எறிந்துவிட்டு வெளியே வந்தாள்.

வாசலில் கணவர் வேனோடு நின்றிருந்தார். பள்ளிக்கூட வேன் ஓட்டுபவர். அவரைப் பற்றி அவளுக்குப் பெரிய அபிப்பிராயம் இருந்ததில்லை. இருபது வருடமாக அதே வேன், அதே ரோடு, வழியெல்லாம் சீட்டியடித்துக்கொண்டு பிள்ளைகளை ஏற்றி இறக்குகிற மனுஷர். வேறு எதற்கும் லாயக்கில்லை என்று அவள் என்றோ தீர்ப்புச் சொல்லி முடித்திருந்தாள். அவரும் மேல்முறையீட்டுக்குப் போகவில்லை.

பாதி வழியில் விஷயத்தைக் கொட்டினாள். அவர் சிரிக்கவில்லை. “நில்லுக்கு இப்படித்தானே?” என்று சொல்லிக் காட்டினார். பிறகு, “கேளுக்கு இப்படி?” அச்சு அசலாக மாஸ்டர் சொன்ன மாதிரியே இருந்தது.

“உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“காலைல வர்றப்ப தினம் போன்ல பாடத்தைப் போடுறியே. காதுல விழுந்துச்சு. சீட்டி மாதிரிதான இருக்கு, ஏத்துறது எறக்குறது.”

மீதி வழியெல்லாம் அவள் மனசுக்குள் கணக்குப் போட்டாள். மாஸ்டர் ஜெயித்தால் படித்தவர். கிளார்க் ஜெயித்தால் சின்ன வயசு. இவர் ஜெயித்தால் என்ன சொல்லி மனசைத் தேற்றிக்கொள்வது? வீட்டுக்குள் நுழைந்ததும் வெடித்தாள்.

“ஓஹோ... அப்ப நீங்கதான் பெரிய பண்டிதரு! நான் ஒண்ணும் தெரியாதவ!”

“நான் அப்படிச் சொல்லலியே. உனக்குத்தான் நல்லா வரும்.”

“ஆங்?”

“அதான்! இப்ப சொன்னியே ‘ஆங்’னு, கீழருந்து மேல போச்சு பாரு, அதான் நில்லு. நான் எதையாச்சும் ஒழுங்கா செஞ்சேன்னு சொன்னா நீ நம்பாம கேப்பியே, அந்த ஏத்தம். முன்னாடி ‘ஓஹோ’ன்னியே, குழிக்குள்ள எறங்கி ஏறுச்சு, அது மூணாவது. ‘போ’ன்னு எரிஞ்சு விழுவியே, அது நாலாவது. நான் பேசப் பேச காதுல வாங்காம ‘ம்...’ன்னு ஒரே இழுப்பா இழுப்பியே, அது ஒண்ணாவது. இருபது வருஷமா கேக்குறேன், எனக்குத் தெரியாதா?”

சொன்னது குத்தலா, பாராட்டா என்று அவளுக்குப் புரியவில்லை. முகத்தைப் பார்த்தாள். மனுஷர் நிஜமாகவே உதவி செய்வதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தார். வெங்காயம் நறுக்க உட்கார்ந்துவிட்டார். அவள் அடுப்படி வாசலில் நின்றபடி, இருபது வருடத்தில் இந்த ஆள் தன்னை இவ்வளவு கவனித்திருக்கிறார், தான் அவரை என்ன கவனித்தோம் என்று யோசித்தாள். ஒன்றும் தேறவில்லை. இன்னொரு கத்தியை எடுத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்து, “சரி, இன்னொரு தடவை சொல்லுங்க,” என்றாள்.

மறுநாள் அவளே கழிவுக் கூடையைக் கிளறி நோட்டை எடுத்தாள். இனி தொனிகளை விரலோடு படிக்கவில்லை, ஆட்களோடு படித்தாள். இரண்டாவது தொனிக்கு மேனேஜரை நினைத்துக்கொண்டாள்: நீங்களா யோசிச்சீங்க, ஆங்? மூன்றாவதற்குக் கிளார்க்கின் பூக்கள்: ஓஹோ! நாலாவதற்கு ஆளுக்குப் பஞ்சமே இல்லை. முதலாவதுதான் தகராறு செய்தது. யாரையும் எதுவும் நினைக்காமல் இருந்தால்தான் அது நேராக வந்தது, அவளுக்கோ அது பழக்கமில்லை.

மூன்று வாரம் கழித்து ஐந்தாம் நம்பர் மெஷினில் நூல் சிக்கியது. அவள் கத்தவில்லை. இதெல்லாம் ஒரு மெஷினா என்று கேட்பதுபோல் அடிவயிற்றிலிருந்து ஒரே ஒரு ‘திங்’ ஏற்றிவிட்டாள். மெக்கானிக்கின் கை தானாகப் பொத்தானில் விழுந்தது. ஒரு பைகூடப் பழுதாகவில்லை. யாரும் கைதட்டவுமில்லை, சாப்பாட்டு மணி அடித்துவிட்டது.

வகுப்பு முடிவில் வைத்த தேர்வில் கிளார்க் முதலாவது, அவள் மூன்றாவது. ஆனால் புது மெஷின்கள் அவள் பொறுப்புக்கே வந்தன. கிளார்க்குக்கு ஊசி எது, நூல் எது என்று தெரியாது. ஒரு நாள் மாஸ்டர் தயங்கித் தயங்கி ஒரு விஷயம் சொன்னார்.

“மெக்கானிக் கேக்குறாருக்கா... அந்தம்மாவுக்கு என் மேல என்ன கோவம்னு. நீங்க பேசுறது சரியாத்தான் இருக்காம். ஆனா எப்பப் பாத்தாலும் அவரைக் கேவலமா பாக்குற மாதிரியே இருக்காம்.”

அவள் யோசித்தாள். “கோவமில்லன்னு சொல்லுங்க. எனக்கு அப்படித்தான் வரும்,” என்றாள். பிறகு, அதையும் தானே சொல்லக் கற்றுக்கொண்டு அவரிடமே போய்ச் சொன்னாள். அதுவும் கோபமாகத்தான் கேட்டிருக்க வேண்டும். மனுஷர் இரண்டடி பின்னால் நகர்ந்துகொண்டார். ஆனாலும் அவர் பாக்கெட்டிலிருந்து ஒரு படத்தை எடுத்துக் காட்டினார். ஒரு சின்னப் பெண், முன்பல் இல்லாத சிரிப்பு. அவர் பேசியதில் ‘மகள்’, ‘ஏழு வயது’ என்ற இரண்டு மட்டும் அவளுக்குப் பிடிபட்டன. “அழகு,” என்றாள் அவர் மொழியில். அந்தச் சொல்லில் யாரையும் நினைக்கத் தோன்றவில்லை.

வருடம் முடிந்து அவர் ஊருக்குப் போனார். அவர் இடத்துக்கு ஒரு பெண் மெக்கானிக் வந்தாள். சீனாவில் தெற்குப் பக்கத்துக்காரியாம். முதல் நாள் அவள் பேசியதில் பாதி சூப்பர்வைசருக்கு விளங்கவில்லை. ‘ஷ’ வரவேண்டிய இடமெல்லாம் ‘ஸ’. பத்துக்கு ‘ஷி’, நாலுக்கு ‘ஸி’ என்று படித்திருந்தாள்; இவள் வேகத்தில் பத்து என்கிறாளா, நாலு என்கிறாளா என்றே தெரியவில்லை. சுற்றி நின்ற தையல்காரப் பெண்கள், இப்போது அக்கா என்ன சொல்லப்போகிறாள் என்று ஆவலோடு வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஒரு வருட உழைப்பு தண்ணீரில் போனதுபோல் இருந்தது அவளுக்கு. இவர்களுக்குள்ளேயே ஒழுங்காகப் பேசத் தெரியவில்லையே என்று மனசுக்குள் திட்டித் தீர்த்தாள். பிறகு காலால் ஒரு ஸ்டூலை இழுத்து அந்தப் பெண்ணுக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள். இன்னொரு தடவை சொல், மெதுவாகச் சொல் என்று மாண்டரினில் கேட்டாள்.

அந்தப் பெண் மெதுவாகச் சொன்னாள். தொனி ‘போ’ என்பதுபோல் வெட்டிக் கீழே விழுந்தது. நாலுதான்.