ஆள் ஏறினால் மூச்சு வாங்கும் வண்டி

ஷெட் பிடிக்கக் கொடுத்த அட்வான்ஸ் பணம் முழுவதையும் மெக்கானிக் தன் அக்கா புருஷனான மச்சானிடம்தான் கடன் வாங்கியிருந்தார். வாங்கினார், அடைத்தார், வட்டியும் கட்டினார். அதெல்லாம் முடிந்து வருஷங்கள் ஓடிவிட்டன. மச்சான் வாயில் மட்டும் அந்தக் கடன் அடையவே இல்லை. நாலு பேர் கூடிய இடத்தில் யாராவது மெக்கானிக்கைப் புகழ்ந்துவிட்டால் போதும், "ஷெட்டா? அது நான் போட்டுக் குடுத்தது" என்று மச்சான் அவர் தோளில் தட்டுவார். அந்தத் தட்டுக்கு விலை உண்டு. அவர் வீட்டு வண்டி எது பழுதானாலும் வேலை இலவசம். கூலி கேட்டால், "நமக்குள்ள என்னப்பா காசு" என்பார்.

மெக்கானிக் லேசுப்பட்ட ஆள் இல்லை. பள்ளிக்கூடம் அவரை ஐந்தாம் வகுப்போடு விட்டது. அவர் அதற்கு ஒரு வருஷம் முன்பே பள்ளிக்கூடத்தை விட்டிருந்தார். மண்ணெண்ணெயில் நட்டு போல்ட்டு கழுவி, அடுத்தவன் ஷெட்டில் அடுத்தவன் ஸ்பானரைப் பிடித்து, திட்டு வாங்கியே தொழில் பிடித்த மனுஷர். யாரும் கைதூக்கிவிடவில்லை. அட்வான்ஸ் கொடுத்தவர்கூட வட்டி போட்டுத்தான் கொடுத்தார். இன்று அந்த வட்டாரத்தில் இன்ஜின் சத்தத்தை வைத்தே நோயைச் சொல்லும் ஆள் வேறு யார்? விரல்விட்டு எண்ணினால் ஒரு விரலுக்கு மேல் வேண்டாம். அவரைக் கேட்டால் அவரே அப்படித்தான் சொல்வார், அதில் பொய்யும் இல்லை.

ஜவுளிக்கடை வைத்திருக்கும் மச்சான், பழைய டர்போ கார் ஒன்றை அடிமாட்டு விலைக்கு வாங்கி ஊரெல்லாம் காட்டித் திரிந்தார். ஒரு காலையில் அது திக்கித் திக்கி ஷெட் வாசலில் வந்து நின்றது. முன்சீட்டில் அக்கா, அதாவது மெக்கானிக்கின் சொந்த அக்கா.

"மாப்ளே, புல்லிங் இல்ல. மிஸ்ஸிங் வேற அடிக்குது."

"தனியா ஓட்டினா எப்படி மச்சான்?"

"பறக்குது. உங்க அக்கா ஏறினாத்தான் இப்படி."

"அந்தப் பழியையும் என் தலையிலதான் போடணுமா?" என்றாள் அக்கா, இறங்காமலே.

மெக்கானிக் ஸ்கேனரைச் சொருகிப் பார்த்தார். இரண்டாவது சிலிண்டரும் மூன்றாவதும் மிஸ் ஆகின்றன, பெட்ரோல் அங்கே சரியாக எரியவில்லை. டர்போ தள்ள வேண்டிய காற்றும் அளவுக்கு வரவில்லை. "பிளக்தான். கண்ணை மூடிட்டுச் சொல்வேன்" என்று சொல்லி, கண்ணைத் திறந்துகொண்டே நான்கையும் மாற்றினார். தனியாக ஓட்டிப் பார்த்தார். வண்டி குதிரை மாதிரி ஓடியது. மீசையைத் தடவிக்கொண்டார்.

மறுநாள் வண்டி திரும்பி வந்தது, அதே திக்கலோடு.

இரண்டாவது சிலிண்டரின் பிளக்குக்கு மின்சாரம் கொடுக்கும் காயிலைக் கழற்றி முதலாவதில் போட்டார். காயில் கெட்டிருந்தால் நோயும் கூடவே இடம் மாற வேண்டும். மாறவில்லை. காற்று போகும் குழாய்களில் மெதுவாகக் காற்றடித்து, மேலே தெரிகிற இணைப்பிலெல்லாம் சோப்புத் தண்ணி பூசினார். ஒரு குமிழி வரவில்லை. அடியில் பிளாஸ்டிக் தட்டு மூடிய பக்கம் ஒன்று இருந்தது. அதைக் கழற்ற அவருக்குத் தோன்றவில்லை.

கைகட்டிப் பார்த்துக்கொண்டிருந்த மச்சான் சொன்னார்: "டர்போ போச்சு மாப்ளே. புதுசு போடு. உன் கணக்குல. பிளக்குன்னு அடிச்சுச் சொன்னது நீதான?"

மெக்கானிக்குக் காது சிவந்தது. "டர்போ கல்லு மாதிரி இருக்கு மச்சான். கெட்டிருந்தா புதுசு என் செலவு. கெடலைன்னா, வெளியாளுக்குப் போடுற கூலிய நீங்க எண்ணி வைக்கணும். அட்வான்ஸ் கதையும் அன்னிக்கோட முடியணும்."

"சரி" என்றார் மச்சான். இலவசமாக ஒரு டர்போ வரும் என்றால் அவர் எதற்கும் சரி சொல்வார்.

வீட்டில் மனைவி புது டர்போவின் விலையைக் கேட்டாள். மெக்கானிக் சொன்னார். மூன்று மாதம் ஷெட் நடத்தினாலும் அவ்வளவு மிஞ்சாது. அவள் தட்டைக் கொஞ்சம் சத்தமாக வைத்துவிட்டுப் போனாள். அந்தச் சத்தம் அவருக்குச் சாப்பாடு முடியும்வரை கேட்டது.

கை கழுவும்போதுதான் புத்தி வேலை செய்தது. தனியாகப் போனால் நோய் இல்லை. ஆள் ஏறினால் உண்டு. அப்படியானால் ஷெட்டில் நிற்க வைத்துப் பார்ப்பது வீண். பாரத்தோடு மேடு ஏற்ற வேண்டும். தண்ணீர்த் தொட்டிக்குப் போகும் மேட்டு ரோட்டின் இடப்பக்கம் ஒரு கிடங்கின் நீளச் சுவர் உண்டு. கண்ணாடியை இறக்கிவிட்டுச் சுவரை ஒட்டி ஓட்டினால், வண்டி போடும் சத்தம் சுவரில் பட்டுக் காதுக்கே திரும்பி வரும்.

மறுநாள் டிக்கியில் மச்சானின் ஜவுளிக் கட்டுகளை அடுக்கினார்கள். பின்சீட்டில் மச்சானும், சாட்சிக்கு அவருடைய அண்ணனும். முன்சீட்டில் அக்கா, "என் பாரத்தாலதான்னு சொன்னாருல்ல, நானும் பாத்துடறேன்" என்று ஏறியவள். ஸ்டியரிங்கில் மெக்கானிக்.

"ஒரே ஒரு வேண்டுகோள். மேடு ஏறி முடிக்கிறவரைக்கும் யாரும் பேசக்கூடாது."

அந்தக் குடும்பத்திடம் கேட்கக் கூடாததைக் கேட்டுவிட்டார். பாதி மேடு ஏறுவதற்குள் அண்ணன், "இந்தச் சுவர் எப்ப கட்டினது?" என்றார். மச்சான் வருஷம் சொன்னார். அண்ணன் அது தப்பு என்றார். இரண்டு பேருக்கும் வாக்குவாதம் முற்றியதில் வண்டி திக்கியது மட்டும்தான் தெரிந்தது, வேறு ஒரு சத்தமும் காதில் விழவில்லை.

திரும்ப இறங்கினார்கள். இந்த முறை அக்கா பின்னால் திரும்பிப் பார்த்தாள். அவ்வளவுதான். ஆண்கள் இரண்டு பேரும் ஆளுக்கொரு ஜன்னலைப் பார்த்தார்கள்.

வண்டி ஏறியது. பாரம் அழுத்த, மெக்கானிக் ஆக்சிலேட்டரை மிதித்தார். திக்கல் ஆரம்பித்தது.

"இருடா தம்பி" என்றாள் அக்கா. "யாரோ குறட்டை விடறாங்க."

"நான் முழிச்சுத்தான் இருக்கேன்" என்றார் மச்சான்.

"நீங்க இல்ல. வண்டி."

மெக்கானிக்குக்கும் இப்போது கேட்டது. உஸ்ஸென்று ஒரு மூச்சு, இழுத்து இழுத்து. நடு ரோட்டுக்கு வந்தார், மறைந்தது. சுவரோரம் போனார், வந்தது. இடப்பக்கம், கீழே. முப்பது வருஷம் பக்கத்தில் படுத்துக் குறட்டை கேட்ட காதுக்கு முன்னால் தன் காது சின்னதுதான் என்று அந்த ஒரு விஷயத்தில் மட்டும் அவர் ஒப்புக்கொண்டார், அதுவும் மனசுக்குள்.

ஷெட்டில் ஜாக்கி போட்டுத் தூக்கி, அடித்தட்டைக் கழற்றினார். டர்போவிலிருந்து வரும் ரப்பர் ஹோஸ் இரும்புக் குழாயோடு சேரும் இடத்தில், இறுக்கிப் பிடிக்க வேண்டிய கிளாம்ப் இல்லை. அதற்குப் பதிலாக ஒரு கயிறு, அழகாக முடிச்சுப் போட்டு. அக்கா டிக்கியில் கிடந்த ஜவுளிக் கட்டைப் பார்த்தாள், கயிற்றைப் பார்த்தாள், கடைசியில் புருஷனைப் பார்த்தாள்.

"கிளாம்ப் உடைஞ்சு கிடந்தது" என்றார் மச்சான். "கடைக்காரன் என்ன விலை சொன்னான் தெரியுமா? கயிறு சும்மாதான கிடக்குது. என் முடிச்சு லாரியில போற கட்டுலயே அவுழாது."

"லாரியில அவுழாது. இங்க இன்ஜின் சூடு இருக்கே மச்சான், கயிறு தளர்ந்து போச்சு. சும்மா நிக்கும்போது ஹோஸ் ஒட்டிக்கிட்டு இருக்கும். பாரம் ஏறினா இன்ஜின் ஒரு பக்கமா முறுக்கும், வாய் திறந்துக்கும்."

"காத்து போனா போகட்டும். அதுக்கு ஏன் திக்கணும்?"

மெக்கானிக் கையைத் துடைத்துக்கொண்டார். "நீங்க பத்து மீட்டர் துணிய அளந்து, பில் போட்டு அனுப்பறீங்க. வழியில ஒருத்தன் நாலு மீட்டரை வெட்டிக்கிட்டான். அங்க தையக்காரன் பத்து மீட்டருக்கும் நூல் எடுத்து வச்சுட்டான். என்ன ஆகும்? இங்க காத்த அளந்துதான் உள்ள விடுது. வழியில களவு போச்சு. பெட்ரோல் மட்டும் முழு கணக்குக்கு வந்து நிக்குது. எரிய காத்து பத்தல. மிஸ்ஸிங் அடிக்காம என்ன செய்யும்?"

மச்சான் முகம் வாடிவிட்டது. "நாலு மீட்டரா" என்றார், நிஜமாகவே பறிகொடுத்தவர் போல.

புதுக் கிளாம்ப் ஏறியது. அதே ஆட்கள், அதே கட்டுகள், அதே மேடு. வண்டி முக்கவில்லை, முனகவில்லை. மிதித்ததும் எல்லார் முதுகும் சீட்டோடு ஒட்டியது. அண்ணன் சுவரைப் பற்றி ஏதோ சொல்ல வாயெடுத்தார், அதற்குள் சுவரே முடிந்துவிட்டது.

ஷெட்டுக்கு வந்ததும் மச்சான் பேரத்தை ஆரம்பித்தார். "பிளக் காசைக் கழிச்சுடு மாப்ளே. அது உன் தப்பு."

"அத நான் கேக்கவே இல்லையே. என் வாய்க் கொழுப்புக்கு அது என் செலவு. கூலிய எடுங்க."

மச்சான் பணத்தை எடுத்து மேஜைப் பக்கம் கையை நீட்டினார்.

"மேஜையில வைக்காதீங்க, அவன் கையில குடுங்க" என்றாள் அக்கா.

மெக்கானிக் கிரீஸ் படிந்த உள்ளங்கையை விரித்தார். மச்சான் விரலை நாக்கில் தொட்டு, துணி மடிப்பதுபோல ஒவ்வொரு தாளையும் நீவி, எண்ணி எண்ணி வைத்தார். கடைசித் தாளை மட்டும் நுனியில் பிடித்துக்கொண்டு விடவில்லை. அக்கா லேசாகத் தொண்டையைச் செருமினாள். தாள் கைக்கு வந்தது.