அறுந்திருக்க வேண்டிய கோடு

கணினியில் வரைபடம் போட எந்த மென்பொருள் லைப்ரரியை எடுப்பது என்று எங்கள் ஆபீஸில் மூன்று மீட்டிங் நடந்தது. மூன்றிலும் அழகைப் பற்றியேதான் பேச்சு. பெங்களூர் பீன்யாவில் இரும்புப் பாகங்களைச் சூடேற்றிப் பதப்படுத்தும் ஒரு தொழிற்சாலைக்கு, உலையின் வெப்பத்தைத் திரையில் காட்ட வேண்டும். அவ்வளவுதான் வேலை.

நான் சொன்ன லைப்ரரி பார்க்கச் சுமார்தான். ஆனால் சென்சாரிலிருந்து தகவல் வராவிட்டால் அந்த இடத்தில் கோட்டை அறுத்துவிடும். மேனேஜருக்குப் பிடித்ததோ, விடுபட்ட இடத்தையும் தானே இணைத்து வழவழவென்று வரைந்துவிடும். அதை நிறுத்த நிரலில் ஒரே ஒரு வரி எழுதினால் போதும். அதற்கும் அவர் விடவில்லை.

"கோடு விட்டு விட்டுத் தெரிஞ்சா கிளையன்ட் பயந்துடுவாரும்மா. டெமோ முடியட்டும், மாத்திக்கலாம்."

டெமோவில் கைதட்டினார்கள். மாற்றுவதை எல்லோரும் மறந்தோம். நானும்தான் மறந்தேன், அதை நினைத்தால் இன்றைக்கும் என்மீதே பற்றிக்கொண்டு வருகிறது.

இரண்டு மாதம் கழித்து உலையிலிருந்து வந்த ஒரு லோடு பாகங்கள் முழுக்கப் பதம் கெட்டிருந்தன. திரையைச் சரியாகப் பார்க்கவில்லை என்று ஆபரேட்டரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். தர்மபுரிக்காரர், பதினைந்து வருஷமாக அதே உலையில் நிற்பவர். விசாரணைக்கு எங்களையும் கூப்பிட்டார்கள். அவர் கதவோரம் நின்றார், நாங்கள் ஏசியில் உட்கார்ந்திருந்தோம்.

"எங்க சிஸ்டம் பக்கா சார். யூசர்தான் கவனிக்கல" என்றார் எங்கள் மேனேஜர், கொஞ்சமும் கூசாமல்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. யாரையும் கேட்காமல் லேப்டாப்பைப் பெரிய திரையில் மாட்டி, சென்சார் அனுப்பிய எண்களைத் திறந்தேன். நாற்பது நிமிஷம் வெறும் காலி. ஒயர் கழன்றிருக்கிறது. பக்கத்திலேயே எங்கள் வரைபடத்தையும் வைத்தேன். அதே நாற்பது நிமிஷத்துக்குக் கோடு அலுங்காமல் நேராக ஓடியது. அந்தக் கோட்டைப் பார்த்து, சூடு சரியாக இருக்கிறதென்று நம்பித்தான் ஆபரேட்டர் லோடை இறக்கியிருக்கிறார்.

கடைசியில் தொழிற்சாலை மேலாளர் ஆபரேட்டரைப் பார்த்து, திங்கட்கிழமை வேலைக்கு வரச் சொன்னார். மன்னிப்பு என்ற சொல் அங்கே யார் வாயிலிருந்தும் வரவில்லை. எங்கள் மேனேஜர் போனைத் தடவிக்கொண்டிருந்தார்.

ஆபரேட்டர் மட்டும் திரைக்குக் கிட்டே வந்தார். அந்த நேர்கோட்டைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"இல்லாத சூட்டை எப்படி மேடம் வரைஞ்சீங்க?"