நான் அவிழ்த்த தொட்டில்

அம்மனை நம்பி இதைப் படிக்கும் அக்கா, தங்கைகளுக்கு வணக்கம். நான் நெய்வேலி டவுன்ஷிப்பில் குவார்ட்டர்ஸில் இருப்பவள். பத்தாவது வரைதான் படிப்பு. எழுதிப் பழக்கமில்லை. ஆனாலும் இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

கல்யாணமாகி ஏழு வருடம் எனக்குக் குழந்தை இல்லை. வயதுக்கு வந்ததிலிருந்தே மாதத்தில் மூன்று நாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடப்பேன். எல்லாருக்கும் வருவதுதான் என்றார்கள். நானும் பொறுத்தேன். பாண்டிச்சேரியில் ஒரு டாக்டரம்மா ஸ்கேன் பார்த்த பிறகுதான் அதற்கு எண்டோமெட்ரியோசிஸ் என்று ஒரு பேர் இருப்பது தெரிந்தது. கர்ப்பப்பைக்குள் இருக்க வேண்டிய சவ்வு மாதிரியே வெளியிலும் வளர்ந்து, மாதாமாதம் கசிகிறதாம். இரண்டு சினைப்பையிலும் பழைய ரத்தம் கட்டியாகத் தேங்கியிருந்தது. முட்டை குறைவாகத்தான் இருக்கிறது, தரமும் குறைந்திருக்கலாம் என்றார்.

டெஸ்ட் டியூப் சிகிச்சைக்குப் போகுமுன் அம்மன் கோயில் வேப்பமரத்தில் மஞ்சள் கயிற்றால் ஒரு மரத்தொட்டில் கட்டினேன். சுரங்கத்துக்கு நிலம் போனபோது ஊரோடு இடம் மாறி வந்தவள் அந்த அம்மன். பிள்ளை பிறந்ததும் தொட்டிலை அவிழ்த்து அவள் காலடியில் வைக்க வேண்டும்.

முதல் தடவை ஐந்து முட்டை எடுத்தார்கள். ஒரு கருவும் மூன்றாம் நாளைத் தாண்டவில்லை. அடுத்த தடவை ஒரு கருவை உள்ளே வைத்தார்கள். பன்னிரண்டு நாள் வயிற்றில் கைவைத்து அதோடு பேசிக்கொண்டிருந்தேன். பேர்கூட வைத்துவிட்டேன். ரத்தப் பரிசோதனையில் ஒன்றும் இல்லை.

அதன்பிறகு வீட்டுக்காரர் சுரங்கத்தில் முதல் ஷிப்டுக்குப் போனதும் வீட்டுக்குள் ஒரு சத்தம் கேட்கும். காலித் தொட்டில் கிளையில் இடிக்கிற சத்தம். கோயில் ஒரு மைல் தள்ளி இருக்கிறது. கேட்க வழியே இல்லை. டிவி போட்டாலும் கேட்டது.

ஆடி மாதம் ஒரு காலையில் தொட்டிலைப் பிய்த்தெறியலாம் என்று போனேன். மரம் நிறையத் தொட்டில்கள். கரித்தூளும் மழையும் பட்டு எல்லாம் ஒரே கருப்பு. எது என்னுடையது என்று தெரியவில்லை. ஒன்றைப் பிடித்து இழுத்தேன். வாசலில் பூ விற்கும் அம்மா பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னாம்மா, கட்னவளுக்கே அடையாளம் தெரியல. யார் வூட்டுப் புள்ளைய அவுத்துக்கினு போவப் போற?"

தொட்டிலை விட்டுவிட்டேன். அங்கேயே உட்கார்ந்து அழுதேன். தாயே, இதில் எது என்னுடையது என்று எனக்குத் தெரியவில்லை, உனக்குத் தெரியும் என்றேன். வேறு எதுவும் கேட்கத் தோன்றவில்லை.

அடுத்த சித்திரையில் மூன்றாவது தடவை. இரண்டே முட்டை. அதிலும் ஒன்று முதிரவில்லை.

"ஒன்னுதாம்மா இருக்கு. பார்க்க நல்லா இருக்கு. ஆனா நான் வாக்கு குடுக்க முடியாது" என்றார் டாக்டரம்மா.

அந்த ஒன்று தங்கியது. தை மாதம் மகள் பிறந்தாள். எல்லாம் அம்மன் கருணை.

நேர்த்திக்கடன் தீர்க்கப் போனோம். எதை அவிழ்ப்பது என்று நான் நின்றுகொண்டே இருந்தேன். "ஏதோ ஒன்ன அவுத்துரு, ஆத்தாளுக்குத் தெரியாதா" என்றார் வீட்டுக்காரர். கைக்கு எட்டியதை அவிழ்த்தேன். முடிச்சுக்குள் தூசி படாத இடத்தில் கயிறு பச்சையாக இருந்தது.

என்னுடையது மஞ்சள்.

அந்தக் கயிறு இற்றுப்போயிருந்தது. என் புடவைத் தலைப்பைக் கிழித்து, அதே கிளையில் திரும்பக் கட்டினேன். என்னுடையது இன்னும் அங்கேதான் எங்கோ ஆடுகிறது. அந்தச் சத்தமும் நிற்கவில்லை. மகள் தூங்கும்போதும் கேட்கிறது. இப்போதெல்லாம் அது கேட்டால் எழுந்து போய் விளக்கேற்றுகிறேன்.

பச்சைக் கயிறு கட்டிய தங்கச்சி, நீ யார் என்று எனக்குத் தெரியாது. வலியை என்னைப் போல மறைத்து வைக்காதே. டாக்டரைப் பார். அம்மனிடம் கேள். உன் தொட்டிலை ஒரு நிமிடம் நான் கையில் வைத்திருந்தேன். அன்றிலிருந்து தினமும் உனக்காகவும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.