மயிலோடு மாதுங்கா போனது

பத்தாவது வரை படித்தவள் சாஃப்ட்வேர் பற்றி எழுதுவது அதிகப்பிரசங்கித்தனம்தான். பொறுத்துக்கொள்ளுங்கள். எம்பிராய்டரி டிசைன் வேலைக்குப் புதிதாக வரும் பெண்களிடம் நேரில் சொல்ல எனக்குக் கூச்சம். அதனால் எழுதுகிறேன்.

தாராவியில் எங்கள் பட்டறை. நூல் வெட்டிக்கொண்டிருந்த என்னை முதலாளி அண்ணாச்சிதான் கம்ப்யூட்டர் நாற்காலியில் உட்கார வைத்தார். படத்தைத் தையலாக மாற்றும் ஓப்பன் சோர்ஸ் சாஃப்ட்வேர் அதில் இருந்தது. அது தனியாக ஓடாது. லைப்ரரி என்ற இன்னொன்றின் மேல் ஏறி நின்றுதான் ஓடும். லைப்ரரியின் வெர்ஷன் ஒத்துவராவிட்டால் திறக்கவே திறக்காது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணாச்சியின் மருமகன் விருந்துக்கு வந்தார். ஐரோலியில் ஐடி வேலை. நல்லது செய்வதாக நினைத்து எல்லாவற்றுக்கும் அப்டேட் போட்டுவிட்டுப் போனார். லைப்ரரி புது வெர்ஷன் ஆகிவிட்டது. எங்கள் சாஃப்ட்வேர் அதோடு சேராது. ஆனால் அப்டேட் நடந்தபோது திறந்திருந்ததால், மெமரியில் இருந்த பழைய லைப்ரரியை வைத்து அது ஓடிக்கொண்டே இருந்தது.

மறுநாள் அதையே இன்னொரு ஜன்னலில் திறக்கப் பார்த்தபோது திறக்கவில்லை. விஷயத்தைக் கேட்டு மருமகன் போனில் சொன்னார்: "மாமா, வியாழக்கிழமை சாயங்காலம் வந்து சரி பண்ணிடுறேன். அதுவரைக்கும் ஆஃப் மட்டும் பண்ணிராதீங்க."

அதில் செம்பூர்ப் பள்ளி ஒன்றின் பேட்ஜுக்கான மயில் டிசைன் இருந்தது. ஒரு நாள் கழுத்தை மாற்றச் சொல்வார்கள், மறுநாள் அலகை. சேமித்து வைத்தாலும் திறப்பதற்குச் சாஃப்ட்வேர் வேண்டுமே.

"இந்த மயிலு போச்சுன்னா டிசைன் வேலைய வெளிய குடுத்துருவேன். நீ பழையபடி நூலு வெட்டணும், பாத்துக்கோ" என்றார் அண்ணாச்சி.

வியாழக்கிழமை காலையில், மீட்டர் மாற்றுவதால் எங்கள் கல்லியில், அதாவது சந்தில், நாள் முழுக்கக் கரண்ட் இருக்காது என்று சொல்லிவிட்டார்கள்.

"மாதுங்காவுல என் மச்சான் கடைக்குக் கொண்டு போயிருவோம்" என்றார் அண்ணாச்சி. "உசுரோட."

டெம்போ கல்லிக்குள் வராது. ஓடிக்கொண்டிருக்கும் சிபியூவை நான் நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன். அண்ணாச்சி யூபிஎஸ்ஸைத் தூக்கினார். நடுவில் ஒரு முழம் வயர். அதனால் தோளோடு தோள் ஒட்டித்தான் நடக்க வேண்டும். நான் தலையைத் தூக்கவில்லை.

"என்ன அண்ணாச்சி, ரெண்டாவது கல்யாணமா?" என்றது ஒரு குரல்.

"ஒண்ணையே சமாளிக்க முடியல. வழிய விடுல."

பாதி வழியில் யூபிஎஸ் கத்த ஆரம்பித்தது. பக்கத்துக் கல்லியில் கரண்ட் இருந்தது; அங்கே ஒரு சலூன். உள்ளே நுழைந்து அண்ணாச்சி பிளக் கேட்டார்.

"ஆஸ்பத்திரி மிஷினா?" என்றார் சலூன்காரர்.

"இல்ல, மயிலு."

அவர் மேலே கேட்காமல் முடி வெட்டும் மிஷினைப் பிடுங்கி எங்களுக்கு இடம் கொடுத்தார். நாற்காலியில் இருந்தவருக்கு ஒரு பக்கம்தான் முடிந்திருந்தது.

"அண்ணாச்சி, என் கேஸ் என்னாவது? டூட்டிக்குப் போவணும்."

"கத்திரில வெட்டச் சொல்லு."

"மிஷின்ல வெட்டுன பக்கமும் கத்திரில வெட்டுற பக்கமும் சேராது" என்றார் சலூன்காரர்.

மருமகன் போனில் விளக்கியதும் இதுதான் என்று எனக்குத் தோன்றியது. யூபிஎஸ் ஓரளவு ஏறும்வரை அந்த மனிதர் கண்ணாடியில் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மாதுங்காவுக்கு உயிரோடு போய்ச் சேர்ந்தோம். சாயங்காலம் மருமகன் வந்து, பழைய லைப்ரரியை எங்கள் சாஃப்ட்வேருக்கு மட்டும் தனி ஃபோல்டரில் போட்டார். ஒரு டீ குடிக்கிற நேரம்தான் ஆனது.

"இப்ப ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க."

யாரும் அசையவில்லை. மச்சான் கடைக்கு வெளியே போய்விட்டார்.

"நீயே அமுக்கும்மா. சுமந்தவ நீதான" என்று சொல்லிவிட்டு அண்ணாச்சி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அமுக்கினேன். ஸ்கிரீன் இருண்டது. மறுபடி ஆன் செய்து சாஃப்ட்வேரைத் திறந்தேன். மயில் அதே கோணல் அலகோடு வந்து நின்றது.

நான் கற்றது இவ்வளவுதான். ஒவ்வொரு சாஃப்ட்வேருக்கும் அதன் லைப்ரரியைத் தனியாக வையுங்கள். ஒழுங்காக ஓடும் வெர்ஷன் எது என்று அப்டேட்டுக்கு முன்பே குறித்துக்கொள்ளுங்கள். விருந்தாளி கம்ப்யூட்டர் பக்கம் போனால் காபி கொடுத்து வெளியே உட்கார வையுங்கள்.

மறுநாள் பள்ளியிலிருந்து போன் வந்தது. மயில் வேண்டாமாம், புறா போதுமாம். கம்ப்யூட்டர் நாற்காலியில் உட்கார்ந்து புறா போட்டேன்.