கேக் வாங்கக் கூடியவர்கள்

எங்கள் ஊர் பேசாலையில் வீட்டிலிருந்தபடி கொம்பியூட்டர் வேலை செய்கிறேன் என்றால் யாருக்கும் விளங்குவதில்லை. "அப்பிடி என்ன பிள்ளை செய்யிறாய்?" என்று கேட்பார்கள். ஆட்களைப் பிரிக்கிற வேலை என்பேன். குடும்பங்களைப் பிரிக்காமல் இருந்தால் சரி என்று பகிடி விடுவார்கள்.

பகிடியில்லை, உண்மையாகவே அதுதான் வேலை. இணையத்தில் ஒரு கடை இருக்கிறது. வெளிநாட்டில் இருப்பவர்களும் இங்கே இருப்பவர்களும் அதில் கேக், உடுப்பு, சாப்பாடு, மலர்வளையம் என்று வாங்கி மற்ற வீடுகளுக்கு அனுப்புவார்கள். அந்தக் கடைக்காக, கிளவுடில் ஓடும் ஒரு பரிந்துரைச் சேவையை நான் அமைத்துக் கொடுக்கிறேன். எந்தப் பொருள், அதற்கு எத்தனை பேர் வேண்டும், யாரை விலக்க வேண்டும் என்று சொல்லி ஓடவிட்டால், அது பழைய வாங்கல்களையெல்லாம் துழாவி, அந்தப் பொருளை வாங்கக் கூடியவர்களை ஒரு கூட்டமாகப் பிரித்துத் தரும். பெயர்கள் இராது, போன் எண்கள் மட்டும்தான். பிறகு அவர்களுக்குத் தானாகவே செய்தி போய்விடும்.

போன நத்தாருக்குப் பொருள், கிறிஸ்மஸில் எல்லோரும் வாங்கும் ரிச் கேக்.

அதற்குச் சில மாதங்களுக்கு முதல்தான் அண்ணா, வேலைக்குப் போன கட்டாரில் நெஞ்சுவலி வந்து செத்துப்போனார். எனக்குக் கூடப்பிறந்தவர் அவர் ஒருவர்தான். பெட்டியில் வந்தார், சேமக்காலைக் குழிக்குப் போனார். ஒரு இரவு முழுதாக எங்களோடு இருக்கவில்லை.

செத்தவீடு நடந்த வீட்டில் அந்த வருசம் நத்தாருக்கு நட்சத்திரம் கட்ட மாட்டோம், பலகாரம் சுட மாட்டோம். ஊருக்குத் தெரிந்த இந்த விசயம் மெசினுக்குத் தெரியாது. துக்க வீட்டுக்காரருக்குக் கேக் செய்தி போகக் கூடாதென்று கொழும்பில் இருக்கும் மேலதிகாரியோடு சண்டைக்கே போய்விட்டேன். எல்லாம் அம்மாவை நினைத்துத்தான்.

"சரி தங்கச்சி, விலக்குவம். ஆனா ஆர் துக்க வீடு எண்டு எங்கட டேட்டாவில எங்க இருக்கு?" என்றார் அவர்.

நான் கண்டுபிடித்தேன். அந்த வருசம் எங்கள் கடையில் மலர்வளையமோ, செத்தவருக்கான முப்பத்தோராம் நாள் சாப்பாடோ வாங்கியவர்கள் எல்லோரையும் விலக்கு என்று எழுதினேன். அம்மாவின் எண்ணைத் தனியாக, கையாலேயே எடுத்துவிட்டேன். அண்ணாவின் எண் என் நினைவுக்கே வரவில்லை. செத்தவருக்கு யார் செய்தி அனுப்பப் போகிறார்கள்? வேலை பிழையில்லாமல் ஓடி முடிந்தபோது எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

அடுத்த நாள் காலை அம்மா அறைக்குள் இருந்து கூப்பிட்டார். கையில் அண்ணாவின் போன். கட்டாரிலிருந்து சாமான்களோடு வந்த அதை அம்மா சார்ஜ் பண்ணிப் பண்ணி வைத்திருந்தது எனக்குத் தெரியும். என் வேலைக்காகப் போட்ட வைஃபையில் அது இணைந்திருந்தது தெரியாது. திரையில் கடையின் செய்தி இருந்தது.

"இந்த முறையும் அம்மாவுக்குக் கேக் அனுப்புவோமா?"

ஒவ்வொரு நத்தாருக்கும் அந்தக் கடையில் அம்மாவுக்குக் கேக் வாங்கி அனுப்பியவர் அண்ணாதான். எந்த மெசினும் அவரைத்தான் முதலில் பொறுக்கும். நான் எழுதிய விலக்கு அவரைத் தொடவேயில்லை. எப்படித் தொடும்? செத்தவீட்டுக்காரர் எதை வாங்குகிறார்கள்? எங்கள் வீட்டில் அடுப்பே எரியவில்லை. மலர்வளையம் கனடாவிலிருந்து மாமி அனுப்பியது, முப்பத்தோராம் நாள் சாப்பாடு அயலவர்கள் அதே கடையில் எடுப்பித்தது. எங்களைத் தேற்றிய சனத்தையெல்லாம் விலக்கிவிட்டு, அழுதுகொண்டிருந்தவர்களையும் செத்தவரையும் கூட்டத்தில் விட்டிருக்கிறேன். அந்தச் சோற்றைச் சாப்பிட்ட எனக்கு இது விளங்காமல் போனதே என்று என் மேலேயே ஆத்திரமாக வந்தது.

"அம்மா, அது மெசின் அனுப்பினது. தாங்கோ, அழிச்சு விடுறன்."

அம்மா போனைத் தரவில்லை. "நான் ஓம் எண்டு அமத்திட்டன்" என்றார்.

"ஏனம்மா? இந்த வருசம் எங்கட வீட்டில..."

"எனக்குத் தெரியாதே? ஆனா என்னட்டையா கேட்டவை? அவனிட்டை எல்லோ கேட்டிருக்கினம். அம்மாவுக்கு அனுப்புவமோ எண்டு கேட்டா அவன் வேண்டாம் எண்டு சொல்லுவானே, பிள்ளை?"

இரண்டு பேரும் கட்டிலில் இருந்து அழுதோம். அண்ணாவைப் புதைத்த அன்றுகூட நான் அப்படி அழவில்லை.

பிறகு அம்மா போனை என்னிடம் நீட்டினார். அது ஏதோ கேட்டுக்கொண்டு நிற்குது, பார் என்றார். பணம் கட்டும் பக்கம். அண்ணாவின் கார்ட் செல்லாது என்று காட்டியது. என்னுடைய கார்ட் எண்ணைப் போட்டேன். கீழே அனுப்புபவரின் பெயர் என்ற இடத்தில் அண்ணாவின் பெயர் ஏற்கெனவே நிரம்பியிருந்தது. மாற்ற வேண்டுமா என்று கேட்டது. இல்லை என்று அமத்தினேன்.